ஐம்பத்தைந்தாவது நகர்த்தல்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்கப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். புள்ளிகள் சமம்; பார்த்தவர்களில் பலர் ‘டிரா’ என்றே முடிவுகட்டிவிட்டார்கள். சென்னையின் 18 வயது குகேஷ் மட்டும் விடவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நெருக்கினார். 55-வது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டம் முடிந்தது.

இந்தப் பொறுமை ஒருநாளில் வந்ததல்ல.

2013-இல் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் உலகச் சாம்பியன் பட்டத்தை இழந்ததைப் பார்த்த ஏழு வயதுச் சிறுவன் குகேஷ். 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, உலகின் மிக இளையவர் என்ற சாதனை 17 நாள் வித்தியாசத்தில் கைநழுவியது. அதுவரை கணினி உதவியின்றி, தானே யோசித்துக் காய் நகர்த்தும்படிதான் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பழக்கியிருந்தார். இதுதான் முக்கியம்: விடையைத் திரையில் தேடாத பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரிகிறது.

2024 ஏப்ரலில், உலகச் சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் ஏழாவது சுற்றில் அலிரெசா ஃபிரூஸ்ஜாவிடம் தோற்றார். துவளவில்லை, தொடரையே வென்றார்.

சிங்கப்பூரில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும் குகேஷ் அழுதார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார்.