செயல்திறன் பிக்கப் டிரக்குக்குக் காற்று உள்ளிழுப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

வெளிக்காற்றை இழுத்து, தூசியை வடிகட்டி, அளந்து, எஞ்சினின் சிலிண்டர்கள் வரை கொண்டு சேர்க்கும் பாகங்களின் தொகுதி காற்று உள்ளிழுப்பு அமைப்பு எனப்படும். 'ஏர் இன்டேக்' என்ற பெயரே கடைகளில் புழங்குகிறது. அதிக வேகத்துக்கும் இழுவைக்கும் உருவாக்கப்பட்ட பிக்கப் டிரக்குகளை வாங்குவோர் முதலில் மாற்ற நினைக்கும் பாகங்களுள் இதுவும் ஒன்று. சாதாரணக் கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே பொருத்திவிடலாம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் பொருந்தாத அமைப்பு திறனைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கவும் கூடும். சில வேளைகளில் எஞ்சினையே பழுதாக்கிவிடும். எனவே, எதை வாங்குவது என்று பார்க்கும் முன், இப்போதுள்ள அமைப்பு எங்கே தடையாக இருக்கிறது என்று கண்டறிவதே சரியான தொடக்கம்.

எடுத்துக்காட்டாகும் வண்டி

இக்கட்டுரை ஃபோர்டு எஸ்விடி எஃப்-150 லைட்னிங் வண்டியின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இது 1999 முதல் 2004 வரை வட அமெரிக்கச் சந்தைக்காக உற்பத்தி செய்யப்பட்டது. இதிலுள்ள 5.4 லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சினின் மேல் ஈட்டன் எம்112 வகை சூப்பர்சார்ஜர் அமர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் 360 ஆக இருந்த குதிரைத்திறன் 2001 முதல் 380 ஆக உயர்த்தப்பட்டது.

இதன் போட்டியாளராக வந்த டாட்ஜ் ராம் எஸ்ஆர்டி-10 வேறு வழியைப் பின்பற்றியது. சூப்பர்சார்ஜர் இல்லாத 8.3 லிட்டர் வி-10 எஞ்சினிலிருந்து அது 500 குதிரைத்திறன் பெற்றது. 2004 பிப்ரவரியில் அது மணிக்கு 154 மைலுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 249 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, உற்பத்தி பிக்கப்புகளுக்கான உலக சாதனையைப் படைத்தது. இரண்டு வண்டிகளும் ஒரே நோக்கம் கொண்டவை என்றாலும், காற்றைப் பெறும் முறையில் வேறுபட்டவை. ஆகவே ஒன்றுக்குப் பயன்தரும் மாற்றம் மற்றதற்கு அதே அளவு பயன்தர வேண்டும் என்பதில்லை.

2022 முதல் லைட்னிங் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது மின்சார வண்டி. அதில் எரிபொருள் எஞ்சினே இல்லை என்பதால் இங்குக் கூறப்படுபவை அதற்குப் பொருந்தா.

காற்று செல்லும் பாதை

லைட்னிங்கில் காற்று முதலில் வடிகட்டிப் பெட்டிக்குள் நுழைகிறது. வடிகட்டியைக் கடந்ததும், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் எனப்படும் காற்றோட்ட உணரி அதன் நிறையை அளக்கிறது. அடுத்து குழாய் வழியாக த்ராட்டில் வால்வுக்கும், அங்கிருந்து சூப்பர்சார்ஜருக்கும் செல்கிறது. சூப்பர்சார்ஜர் அழுத்திச் சூடாக்கிய காற்றை, நீரால் இயங்கும் இன்டர்கூலர் குளிர்விக்கிறது. அதன் பிறகே காற்று சிலிண்டர்களை அடைகிறது.

சந்தையில் 'இன்டேக் கிட்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பாதையின் முன்பகுதியை மட்டுமே மாற்றுகிறது. வடிகட்டி, அதன் உறை, த்ராட்டில் வரையிலான குழாய் ஆகியவையே அதில் அடங்கும். த்ராட்டிலிலோ சூப்பர்சார்ஜரிலோ தடை இருந்தால், முன்பகுதியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயன் சிறிதே.

தடையை அளப்பது

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் ஓடும் 5.4 லிட்டர் எஞ்சின், சூப்பர்சார்ஜர் இல்லாதிருந்தாலும்கூட, நிமிடத்துக்கு அதிகபட்சமாக ஏறத்தாழ 13,500 லிட்டர் காற்றை இழுக்கக்கூடும். இவ்வளவு காற்று ஒரு வடிகட்டியின் நுண்துளைகள் வழியே செல்லும்போது அழுத்தம் சற்றுக் குறையும். அந்த இழப்பே தடையின் அளவு.

இதை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வண்ணம் கலந்த நீர் நிரப்பிய, U வடிவில் வளைத்த தெளிவான குழாய் போதும். அதன் ஒரு முனை உணரிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே இணைக்கப்படும், மறுமுனை திறந்திருக்கும். முழு த்ராட்டிலில் இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு அழுத்த இழப்பைக் காட்டும். 10 சென்டிமீட்டர் வேறுபாடு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கலுக்குச் சமம். இச்சோதனையைச் சாலையில் செய்யாமல், உருளைகளின் மேல் வண்டியை ஓட்டித் திறனை அளக்கும் டைனோ மேடையில் செய்வதே பாதுகாப்பானது. நீர் எஞ்சினுக்குள் இழுக்கப்படாதபடி குழாயின் கைகள் போதிய உயரமாக இருக்க வேண்டும்.

வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நீர்மட்ட வேறுபாடு 25 சென்டிமீட்டர் என்றால் இழப்பு ஏறத்தாழ 2.5 கிலோபாஸ்கல், அதாவது இரண்டரை விழுக்காடு. இந்த இழப்பை முற்றிலும் நீக்க முடிந்தாலும், 380 குதிரைத்திறன் எஞ்சினில் கிடைக்கும் ஆதாயம் சுமார் 9 முதல் 10 குதிரைத்திறன் வரையே இருக்கும். வேறுபாடு 5 சென்டிமீட்டர் மட்டுமே என்றால், புதிய அமைப்புக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் ஒலிக்குத்தான்.

சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. லைட்னிங்கின் சூப்பர்சார்ஜர் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சுமார் 55 கிலோபாஸ்கல் சேர்க்கிறது. நுழைவழுத்தத்தை அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது எனலாம். எனவே அதற்கு முன்னால் இழந்த 2.5 கிலோபாஸ்கல், பின்னால் கிட்டத்தட்ட 4 கிலோபாஸ்கல் இழப்பாகத் தெரியும்.

மேலும், தடை காற்றோட்டத்தின் இருபடியாக வளரும். சிறிய கப்பியைப் பொருத்திச் சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுழற்றி, காற்றோட்டத்தை 20 விழுக்காடு கூட்டினால், அதே வடிகட்டியில் தடை 44 விழுக்காடு கூடும். மாற்றம் செய்யாத வண்டிக்குப் போதுமானதாக இருந்த பழைய பெட்டி, கப்பி மாற்றிய பின் தடையாவது இதனால்தான்.

காற்றின் வெப்பம்

ஒரே அழுத்தத்தில் காற்று சூடாகும்போது அதன் அடர்த்தி குறையும். 25 பாகை செல்சியசில் உள்ள காற்றோடு ஒப்பிட்டால், 60 பாகையில் உள்ள காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. தடையைக் குறைத்துக் கிடைக்கும் இரண்டு, மூன்று விழுக்காட்டைவிட இது பெரிய இழப்பு.

இதனால்தான் உறையற்ற கூம்பு வடிகட்டியை எஞ்சின் அறைக்குள் திறந்தபடி பொருத்துவது பல வேளைகளில் ஏமாற்றம் தருகிறது. அது தாராளமாகக் காற்றை விடுகிறது; ஆனால் அது இழுப்பது ரேடியேட்டரையும் வெளியேற்றுக் குழாயையும் கடந்து வந்த வெப்பக் காற்று. இன்டர்கூலர் இக்குறையை ஓரளவு சரிசெய்யும் என்றாலும் முழுமையாக நீக்காது. 10 பாகை சூடாக நுழையும் காற்று, இவ்வகைச் சூப்பர்சார்ஜரில் அழுத்தப்பட்ட பின் சுமார் 12 பாகை கூடுதல் சூட்டோடு வெளிவரும். அந்தச் சுமையை இன்டர்கூலர்தான் தாங்க வேண்டும்.

நல்ல அமைப்பில் வடிகட்டி மூடிய பெட்டிக்குள் இருக்கும். பெட்டியின் வாய், முகப்பு கிரில்லை ஒட்டியோ சக்கர மேல்மூடியின் உட்பக்கத்திலோ, வெளிக்காற்று நேரடியாகப் படும் இடத்தில் இருக்கும். பெட்டியின் விளிம்பு பானெட்டோடு பொருந்தும் இடத்தில் ரப்பர் பட்டை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அளவீட்டுப் பிழையின் ஆபத்து

இன்டேக் மாற்றத்தில் எஞ்சினுக்கு நேரக்கூடிய கேடுகளுள் முக்கியமானது இங்கேதான் ஒளிந்திருக்கிறது. காற்றோட்ட உணரி, சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு கணக்கிடுகிறது. குழாயில் செல்லும் காற்று முழுவதையும் அது தொடுவதில்லை. சிறு பகுதியை அளந்து, குழாயின் விட்டத்துக்கு ஏற்ப மொத்தத்தை ஊகிக்கிறது. அந்த விட்டம் எஞ்சின் கணினியின் அட்டவணையில் முன்கூட்டியே பொதிந்துள்ளது.

90 மில்லிமீட்டர் குழாய்க்கென அளவுதிருத்தப்பட்ட உணரியை 100 மில்லிமீட்டர் குழாயில் பொருத்துவதாகக் கொள்வோம். பரப்பு கூடுவதால் காற்றின் வேகம் 19 விழுக்காடு குறையும். உண்மையில் அதே அளவு காற்று நுழைந்தாலும், கணினிக்கு அது குறைவாகவே தெரியும். அதற்கேற்ப அது எரிபொருளையும் குறைக்கும்.

மெதுவாக ஓட்டும்போது வெளியேற்றுக் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி இப்பிழையைக் கண்டு திருத்திவிடும். ஆனால் முழு த்ராட்டிலில் அக்காலத்து வண்டிகளின் கணினி பெரும்பாலும் அட்டவணையை நம்பியே இயங்கும். கூடுதல் எரிபொருள் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காமல் போகும். எரிதல் வெப்பம் உயர்ந்து, கலவை தானாக வெடிக்கும் 'நாக்கிங்' நிலை தோன்றும். அழுத்திய காற்றில் இயங்கும் எஞ்சினில் இது பிஸ்டனை உடைக்கும் அளவுக்குச் செல்லலாம்.

எனவே உணரி பொருந்தும் பகுதியின் விட்டம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். அல்லது கணினியின் அட்டவணை புதிய குழாய்க்கு ஏற்றபடி மாற்றப்பட வேண்டும். உணரிக்குச் சற்று முன்னால் கூர்மையான வளைவு இருந்தாலும் காற்று சுழன்று அளவீடு தடுமாறும். எவ்வகையாயினும், பொருத்திய பின் காற்று-எரிபொருள் விகிதத்தை அளந்து உறுதிசெய்யாமல் முழு வேகத்தில் ஓட்டுவது தகாது.

வடிகட்டி வகைகள்

காகித வடிகட்டி தொழிற்சாலையிலிருந்தே வருவது. தூசியை நன்கு பிடிக்கும், விலை குறைவு, அழுக்கானதும் மாற்றிவிட வேண்டும்.

எண்ணெயிட்ட பருத்தி வடிகட்டியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். பொதுவாகத் தடை குறைவு. கழுவிய பின் எண்ணெயை அளவுக்கு மிஞ்சி இட்டால் அது உணரியின் கம்பியில் படிந்து, மேலே கூறிய அளவீட்டுப் பிழையை உண்டாக்கலாம்.

எண்ணெயிடாத செயற்கை இழை வடிகட்டியையும் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். உணரியில் எண்ணெய் படியும் சிக்கல் இதில் இல்லை.

வடிகட்டிகளை ஒப்பிட ஐஎஸ்ஓ 5011 என்ற பன்னாட்டுச் சோதனை முறை உள்ளது. இது தடையோடு, எவ்வளவு தூசி பிடிக்கப்படுகிறது என்பதையும் அளக்கிறது. காற்றோட்ட எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு, தூசி பிடிக்கும் திறனைக் கூறாத பொருளை ஐயத்தோடு பார்க்க வேண்டும். மண் சாலையின் மணல் துகள் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் மெல்ல மெல்லத் தேய்த்துவிடும். அந்தத் தேய்மானம் தெரியவரும்போது, இன்டேக்கின் விலையைவிடப் பல மடங்கு செலவு காத்திருக்கும்.

நீர்

வடிகட்டியைத் தாழ்வாகப் பொருத்தினால் குளிர்ந்த காற்று கிடைக்கும். தேங்கிய நீரும் கிடைக்கக்கூடும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் போதிய நீர் புகுந்தால் மேலேறும் பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மழைநீர் தேங்கும் பகுதியில் ஓட்டுவோர் ஓரிரு குதிரைத்திறனை விட்டுக்கொடுத்து, உயரமான நுழைவாயையே தேர்வது நல்லது.

சட்ட நிலை

அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய பாகங்களை மாற்றுவது சட்டத்துக்கு உட்பட்டது. கலிஃபோர்னியாவில் இன்டேக் கிட்டுக்கு அம்மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை எண் இருக்க வேண்டும். அந்த எண் குறிப்பிட்ட வண்டிக்கும் ஆண்டுக்கும் உரியது. வேறு வண்டிக்கு வழங்கப்பட்ட எண் செல்லாது. புதிய வண்டி வைத்திருப்போர் உத்தரவாத விதிகளையும் பார்க்க வேண்டும். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு நிறுவனப் பாகம் பொருத்தப்பட்டுள்ளது என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க இயலாது. ஆனால் அந்தப் பாகத்தாலேயே பழுது நேர்ந்திருந்தால் மறுக்கலாம்.

ஒலியும் விளம்பர எண்களும்

தொழிற்சாலைக் குழாயில் உள்ள அதிர்வடக்கி அறைகள், காற்று உறிஞ்சப்படும் ஒலியைக் குறைக்கின்றன. புதிய அமைப்பில் அவை இல்லாததால் சூப்பர்சார்ஜரின் சீழ்க்கை உரக்கக் கேட்கும். உரத்த ஒலியை வேகமாக உணர்வது மனித இயல்பு. ஆகவே காதை நம்பாமல் அளவீட்டை நம்ப வேண்டும். விளம்பரத்தில் குறிக்கப்பட்ட ஆதாயம் பானெட்டைத் திறந்து வைத்து, பெரிய விசிறியின் முன் அளக்கப்பட்டதா என்று கேட்பது முறை. சாலையில் பானெட் மூடியே இருக்கும்.

தேர்வு செய்யும் வரிசை

1. பழைய வடிகட்டியைப் புதிதாக மாற்றி, குழாய் இணைப்புகளில் கசிவு உள்ளதா என்று பார்க்கவும். இழந்த திறன் சில வேளைகளில் இதிலேயே திரும்பிவிடும்.
2. புதிய வடிகட்டியோடு தடையை அளக்கவும். நுழையும் காற்றின் வெப்பத்தை வெளிக்காற்றோடு ஒப்பிடவும்.
3. தடை அதிகமெனில் பெரிய வடிகட்டியும் அகன்ற குழாயும், வெப்பம் அதிகமெனில் மூடிய பெட்டியும் தேவை.
4. கப்பி மாற்றம் போன்றவை திட்டத்தில் இருந்தால், அவற்றுக்குப் பிந்தைய காற்றோட்டத்துக்கு ஏற்ப இன்டேக்கைத் தேரவும்.
5. உணரிப் பகுதியின் விட்டம் மாறுகிறதா என்று விற்பவரிடம் கேட்கவும். மாறினால், கணினி அட்டவணையைத் திருத்தும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடவும்.
6. பொருத்திய பின் அதே டைனோவில், பானெட்டை மூடி, பலமுறை ஓட்டிப் பழைய அளவோடு ஒப்பிடவும்.

இவ்வரிசையில் இரண்டாம் படியிலேயே சிலருக்கு விடை கிடைத்துவிடும்: தொழிற்சாலைப் பெட்டி இப்போதைக்குப் போதுமானது. அவ்வாறு தெரிந்தால், அந்தப் பணத்தை இன்டர்கூலர் பராமரிப்புக்கோ நல்ல டயர்களுக்கோ செலவிடலாம்.