சமன் வந்தால் வக்கீல் யார் தருவார்?

வீட்டைக் காலி செய்யச் சொல்லி கோர்ட்டு சமன் வந்தால், நம் தோட்டத்து மக்கள் பலர் செய்கிற முதல் காரியம், அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதுதான். 'தேதி வரட்டும், பார்த்துக்கலாம்' என்கிறார்கள். அதற்குள் பாதி வழக்கு போய்விடுகிறது.

நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீட்டு மனைகளான கதை நமக்குத் தெரியும். நிலம் கைமாறினால் லயத்துக்குச் சமன் வருவது புதிதல்ல. அண்மையில் பால்மரக் காட்டில் வேலை பார்த்து ஓய்ந்த ஓர் அம்மா எங்களைக் கேட்டார்: "ஜட்ஜு ஐயாவே நமக்கு ஒரு வக்கீலு வச்சுக் கொடுப்பாருல்ல தலைவரே? எங்க அண்ணன் மகனுக்குக் கொடுத்தாங்களே!"

அண்ணன் மகனுடையது போலீஸ் கேஸ். கைதானவர்களுக்கு உதவ 2011இல் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் வந்தது. தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்கென்றால் கோர்ட்டே வக்கீலை நியமிக்கும். வீடு, கடன், நிலம் எல்லாம் சிவில் வழக்கு. எதிரே கம்பெனிக்கு மூன்று வக்கீல் நின்றாலும், உங்களுக்கு ஒருவரைக் கோர்ட்டு தேடித் தராது. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி கேட்கலாம், வருமானம் பார்ப்பதில்லை. தாலுகா வரை அதற்குக் குழு உண்டு. நாமும் கேட்க வேண்டியதுதான்.

"சங்கத்துக்காரங்க வந்து பேசுங்களேன்" என்கிறார்கள். சம்பளப் பாக்கி, ஆட்குறைப்புப் பணம் என்றால் லேபர் ஆபீசில் உங்களோடு நிற்போம். அங்கே வக்கீல் இல்லாமலே காரியம் நடக்கும். வேலை நீக்கமென்றால் தொழில் நீதிமன்றத்திலும் பேசுவோம். ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் 1976ஆம் ஆண்டு வக்கீல் தொழில் சட்டம் எங்கள் வாயைக் கட்டிவிடுகிறது.

அதனால் வக்கீலை நாமேதான் தேடிப் போகணும். சிரம்பானில் ஜபாத்தான் பந்துவான் குவாமான் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் நடப்பது. வருமானம் பார்ப்பார்கள். குடும்பம், ஜீவனாம்சம், சொத்துப் பங்கு போன்றவற்றை எடுப்பார்கள்; எல்லா சிவில் வழக்கையும் எடுக்க மாட்டார்கள். உங்களுடையது சேருமா என்று அங்கே தாளைக் காட்டிக் கேளுங்கள். ஐசி, சம்பளச் சீட்டு, சமன் மூன்றையும் கொண்டு போங்கள். அங்கே முடியாதென்றால் வக்கீல்கள் தாங்களே சந்தா போட்டு நடத்தும் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

சமனில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'ரிட் சமன்' என்றால், கையில் கிடைத்த 14 நாளுக்குள் ஆஜர் பத்திரம் போடணும். 'சமன் பெமுலா' என்றால் விசாரணைத் தேதி அதிலேயே இருக்கும். வீட்டை எடுக்கும் வழக்கு இந்த வழியில்தான் அதிகம் வருகிறது. சாட்சிக் கூண்டில் யாரும் ஏறாமலே, அஃபிடாவிட் தாளை வைத்து முடித்துவிடலாம். எத்தனை வருஷம் இருந்தீர்கள், யார் வீடு கொடுத்தது என்பதெல்லாம் தாளில் ஏறாவிட்டால் ஜட்ஜுக்குத் தெரியாது. பழைய சம்பளச் சீட்டு, மானேஜர் கடிதம், லைட் பில் எதையும் எரித்துவிடாதீர்கள்.

வக்கீல் கிடைக்காமலே தேதி வந்துவிட்டாலும் போங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, சட்ட உதவிக்கு மனு போட்டிருப்பதைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். மலாய் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். கோர்ட்டில் அவர்கள் உண்டு.