ஆஷ்வெல் கோபுரத்தின் கீறல்கள்

ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் ஆஷ்வெல் கிராமத்தின் புனித மரியாள் ஆலயம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஊசிமுனையோடு சேர்த்து கோபுரம் 176 அடி; ஒரு கிராமத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் உங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. கோபுரத்தின் உட்சுவருக்கு வாருங்கள்.

கல், 'கிளன்ச்' எனப்படும் மென்மையான சுண்ணக்கல். வெளியே மழைக்கு அரிந்துபோகும். உள்ளே, கத்திமுனைக்கே இடம்கொடுக்கும். அதனால்தான் கொள்ளைநோய்க் காலத்தில், 1350 என்று ஆண்டு குறித்து, ஒருவர் லத்தீனில் கீறிவைக்க முடிந்தது: சாட்சி சொல்ல மக்களில் கசடுகளே எஞ்சியிருக்கிறார்கள் என்று. அந்தக் கசடில் அவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். தொடர்ந்து, 1361ஆம் ஆண்டின் பெரும்புயல் பற்றிய குறிப்பு. பெயர் எதுவும் இல்லை.

அதே சுவரில் ஒரு பேராலயத்தின் படமும் உண்டு. 1666 தீயில் அழிந்த லண்டன் புனித பவுல் பேராலயம் அது என்கிறார்கள்.