தாராபுரம் எந்த மாவட்டம்? உறவுநிலைத் தரவுத்தளத்தில் மாற்ற மேலாண்மை

திறவுச்சொற்கள்: உறவுநிலைத் தரவுத்தளம், முதன்மைத் திறவுகோல், டெவ்ஆப்ஸ், நிர்வாக எல்லை, தாராபுரம்.

கல்வெட்டு, சுவடி, வழக்காறு என எத்துறைத் தரவைத் தொகுப்போரும் அட்டவணையில் ‘மாவட்டம்’ என்றொரு நெடுவரிசையை அமைக்கின்றனர். அது தரக்கூடிய சிக்கலையும் அதற்கான தீர்வையும் தாராபுரம் வட்டத்தின் நிர்வாக வரலாற்றைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தாராபுரம் 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு பெரியார் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. 1990களில் அம்மாவட்டம் ஈரோடு எனப் பெயர்பெற்றது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கேயத்துடன் தாராபுரமும் அங்குச் சென்றது. ஆகவே இவ்வட்டத்து ஊர் ஒன்று பழைய அறிக்கையில் கோயம்புத்தூரிலும், பிந்தைய நூலில் ஈரோட்டிலும், இன்றைய பட்டியலில் திருப்பூரிலும் காணப்படும். மூன்றும் தத்தம் காலத்திற்குச் சரியானவையே. அனைத்தையும் ‘திருப்பூர்’ எனத் திருத்திவிட்டால் பழைய மேற்கோளிலிருந்து அவ்வூரைத் தேடிவரும் வழி அடைபட்டுவிடும்.

இங்கு நிகழ்ந்தவை இருவகை மாற்றங்கள். பெரியார் ஈரோடானது பெயர் மாற்றம். தாராபுரம் திருப்பூருக்குச் சென்றது உறவு மாற்றம். எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலைக் கோட்பாட்டின் வழியில் மாவட்டங்களைத் தனி அட்டவணையாக்கினால், முன்னதற்கு ஒரே ஒரு வரிசையைத் திருத்தினால் போதும். பின்னதற்கு வட்டத்தையும் மாவட்டத்தையும் இணைக்கும் மற்றோர் அட்டவணை வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் அதில் இடம்பெற வேண்டும்.

முதன்மைத் திறவுகோல் பொருள் ஏதும் ஏற்காத எண்ணாக இருப்பது நலம். தாராபுரத்தின் அஞ்சல் குறியீட்டெண் 638656. ஈரோட்டுக்குரிய 638 என்னும் முன்னொட்டு இன்றும் நீடிக்கிறது. திருப்பூர் நகரின் எண்களோ 641 எனத் தொடங்குகின்றன. முன்னொட்டைக்கொண்டு மாவட்டத்தைக் கணிக்கும் நிரல் தாராபுரத்தை இன்னும் ஈரோட்டிலேயே வைத்திருக்கும். (எண்ணை மாற்றாமல் விட்டது கடிதம் எழுதுவோருக்கு நன்மையே.)

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் இத்தகைய மாற்றத்தைச் செய்வது எவ்வாறு? நிரல் எழுதுவோரும் தளத்தை இயக்குவோரும் ஒரே ஒழுங்கில் பணியாற்றும் டெவ்ஆப்ஸ் நடைமுறை இங்கு உதவுகிறது. ஆய்வாளரே நிர்வாகியாகவும் இருக்கும் நம் துறைகளுக்கு இது மிகையன்று. பல்லாண்டுக் களப்பணியின் பயன் ஒரு தவறான கட்டளையில் அழியக்கூடும். கட்டளைகளை நேரடியாகத் தட்டச்சு செய்யாமல், வரிசை எண்ணிட்ட கோப்புகளாக எழுதிக் கிட் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். ஃபிளைவே, லிக்விபேஸ் போன்ற கருவிகள் அவற்றை முறைப்படி இயக்கி, எவை நிறைவேறின என்பதை அத்தரவுத்தளத்திலேயே பதிந்துவைக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அட்டவணை அமைப்பு மாற்றங்கள் பெரும்பாலானவற்றை இடைவழியில் திரும்பப்பெற இயலும். மைஎஸ்கியூஎல்லில் அவை உடனே உறுதியாகிவிடும் என்பதால் கோப்புக்கு ஒரு மாற்றமே தக்கது.

முதலில் காப்புப்படியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அங்குக் கோப்புகளை இயக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் மூலத்தளத்தில் இணைப்பு அட்டவணையைச் சேர்த்து, பழைய தரவை அதில் நிரப்பி, வினவல்களை ஒவ்வொன்றாக அதற்கு மாற்ற வேண்டும். எந்த வினவலும் பழைய ‘மாவட்டம்’ நெடுவரிசையைப் படிக்கவில்லை என்பது உறுதியான பின்னரே அதனை நீக்கலாம்.