ஊர் திரும்ப ஒரு காகிதம்

குளச்சல் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை பல வீடுகளில், "மகன் கல்ஃபில் இருக்கிறான்" என்பார்கள். சில தாய்மார்கள் மட்டும் அதற்கு மேல் பேசமாட்டார்கள். அவன் வருஷக்கணக்காக வரவில்லை. வரமுடியாது!

ஏன்?

சவுதி அரேபியாவில் வேலை செய்ய "இகாமா" என்ற அனுமதி அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. சம்பளம் தராத முதலாளியை விட்டு விலகினால், "ஓடிவிட்டான்" என்று அவர் புகார் கொடுத்துவிடுவார். இதற்கு "ஹுரூப்" என்று பெயர். அப்புறம் வேலை செய்தாலும் குற்றம். விமானம் ஏறவும் வழியில்லை. தகப்பனார் இறந்த செய்தியை டெலிபோனில் கேட்டு அழவேண்டியதுதான்.

2021 மார்ச்சில் சவுதி அரசு சட்டத்தைத் தளர்த்தியது. பயண அனுமதியைத் தொழிலாளியே கேட்கலாம் என்றது. ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்கு அந்தச் சலுகை இல்லை. அதிகம் தவிப்பவர்களே அவர்கள்தானே!

எப்போதாவது பொதுமன்னிப்பு வரும். சவுதியில் 2017 மார்ச் 29 முதல் 90 நாள் கொடுத்தார்கள். ஐக்கிய அரபு நாடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை, அபராதம் இல்லாமல் போகவிட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு இந்தியத் தூதரகம் "அவசரச் சான்றிதழ்" தரும். ஊர் திரும்ப மட்டுமே அது உதவும்.

பயணம் புறப்படும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கவேண்டியது: வேலை விசாவா, சுற்றுலா விசாவா? ஏஜெண்டுக்கு அரசு லைசென்சு உண்டா? பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை தூதரகத்தில் அவனை அடையாளம் காட்ட அது உதவும்.