கப்பலோட்டிய கவுன்சிலர்

1916ஆம் ஆண்டு மே 9. நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர், இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது என்பது பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். அவர் பெயர் பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர். அதே நாளில், அந்தப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள ஹார்லெம் பகுதியில், தேவாலயக் கூடம் ஒன்றில் 28 வயது அச்சுத் தொழிலாளி ஒருவர் அந்நகரில் தம் முதல் கூட்டத்தை நடத்தினார். பேச்சு எடுபடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையிலிருந்து கீழே விழுந்தார். அவர் பெயர் மார்கஸ் கார்வி. ஜமைக்கா தீவிலிருந்து வந்திறங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒருவர் படிப்பின் வழியே வந்தவர். மற்றவர் அச்சுக்கூடத்தின் வழியே வந்தவர். அம்பேத்கரை நாம் அறிவோம். கார்வியையும் அறிந்துகொள்ள வேண்டும். மேடையிலிருந்து விழுந்த அந்த மனிதர் மூன்றே ஆண்டுகளில் கப்பல் நிறுவனம் தொடங்கினார். பத்தாண்டுக்குப் பிறகு எல்லாம் இழந்து சொந்த ஊர் திரும்பி, சிறைக்குள் இருந்தபடியே நகர மன்றத் தேர்தலில் வென்றார். அவருடைய ஏற்றத்தில் எவ்வளவு பாடம் இருக்கிறதோ, அவ்வளவு வீழ்ச்சியிலும் இருக்கிறது.

அச்சுக்கூடத்தில் கற்ற கல்வி

கார்வி பிறந்தது 1887 ஆகஸ்ட் 17 அன்று, ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பே என்னும் கடலோர ஊரில். தந்தை கல்தச்சர். வீட்டில் புத்தகங்கள் வைத்திருந்தவர். அந்தத் தீவில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்து அப்போது ஐம்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடிமைமுறை போனாலும் நிலம் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. ஆட்சி பிரிட்டிஷாரிடம் இருந்தது. கறுப்பின மக்களுக்கு இருந்தது உழைப்பு மட்டும்தான்.

சிறுவயதிலேயே அச்சுத் தொழிலுக்குப் போனார். எழுத்துக் கோக்கக் கற்றவர், தலைநகர் கிங்ஸ்டனில் மேற்பார்வையாளராக உயர்ந்தார். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தபோது நிர்வாகத்தின் பக்கம் நிற்காமல் தொழிலாளர் பக்கம் நின்றார். வேலை போனது.

1910இல் பிழைப்புக்காகக் கோஸ்டா ரிகா போனார். அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் தோட்டத்தில் நேரக் கண்காணிப்பாளர் வேலை. ஜமைக்காவிலிருந்து போன கறுப்பினத் தொழிலாளர்கள் வாழைத் தார் சுமந்து நொந்து கிடப்பதை அங்கே கண்ணெதிரே பார்த்தார். பிறகு லண்டன். எந்த நாட்டுக்குப் போனாலும் கறுப்பு மனிதர் கடைசி வரிசையில் நிற்பதைக் கண்டார். 1914இல் ஊர் திரும்பி, ஏமி ஆஷ்வுட் என்ற பெண்ணுடன் சேர்ந்து உலகக் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். 1916 மார்ச்சில் நியூயார்க் வந்தார்.

பகலில் அச்சு வேலை, மாலையில் தெருமுனைப் பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் சேர்ந்தது. 1918இல் ‘நீக்ரோ வேர்ல்டு’ என்ற வார இதழைத் தொடங்கினார். கப்பல் மாலுமிகள் கைமாற்றிக் கைமாற்றி அந்த இதழைக் கரீபியத் தீவுகளுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டு சேர்த்தார்கள். காலனி அரசுகள் பலவும் அதற்குத் தடை போட்டன.

ஐந்து டாலர் கனவு

கார்வி வெறும் பேச்சாளராக நிற்கவில்லை. நம்மிடம் கடை இல்லை, தொழிற்சாலை இல்லை, கப்பல் இல்லை. அதனால்தான் எவனும் நம்மை மதிப்பதில்லை என்பது அவருடைய வாதம். 1919 ஜூனில் ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்ற கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். ஒரு பங்கின் விலை 5 டாலர். கறுப்பின மக்கள் மட்டுமே வாங்கலாம். ஒருவருக்கு 200 பங்குகளுக்கு மேல் கிடையாது. பணக்காரர் யாரும் மொத்தமாக வளைத்துப் போட முடியாதபடி வைத்த கட்டுப்பாடு அது.

வாங்கியவர்கள் யார்? வீட்டு வேலை செய்யும் பெண்கள், சுமை தூக்குவோர், சமையற்காரர்கள், பருத்திக் காட்டுக் கூலிகள், பனாமாவிலும் கியூபாவிலும் உழைத்த கரீபியத் தொழிலாளர்கள். வாரக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கினார்கள். பங்குப் பத்திரம் அவர்களுக்கு வெறும் காகிதம் அல்ல. மூதாதையரைச் சங்கிலியில் கட்டி அடிமையாகக் கொண்டுவந்தது கப்பல். பேரப்பிள்ளைகள் அதே கப்பலுக்கு உரிமையாளர்கள் ஆகிறார்கள் என்றால், அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டே ‘யார்மவுத்’ என்ற நீராவிக் கப்பலை வாங்கினார்கள். கறுப்பின மாலுமிகள், கறுப்பினக் கேப்டன். கப்பல் கியூபாவுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் போனபோது மக்கள் கரையில் திரண்டு வரவேற்றார்கள். கார்வி நேரம் குறித்துக்கொண்டிருந்த அதே வாழைத்தோட்டக் கரையில் இப்போது அவருடைய நிறுவனத்தின் கொடி பறந்தது.

உடன் இன்னொரு நிறுவனமும் எழுந்தது. அதன் கீழ் ஹார்லெமில் மளிகைக் கடைகள், உணவகங்கள், சலவையகம், தையற்கூடம், தொப்பிக் கடை, அச்சகம் நடந்தன. கறுப்பு நிறக் குழந்தைப் பொம்மைகளும் செய்து விற்றார்கள். வெள்ளைப் பொம்மையை மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தையின் கையில் தன் நிறத்தில் ஒரு பொம்மை! 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் சுமார் 25,000 பேர் கூடினார்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை என்ற மூவண்ணக் கொடி அங்கேதான் ஏற்கப்பட்டது.

ஓட்டை எங்கே இருந்தது?

இனிக் கசப்பான பகுதி. இதை மறைத்து எழுதினால் கார்வியிடமிருந்து கற்க ஒன்றும் மிஞ்சாது.

யார்மவுத் கப்பல் கட்டப்பட்டது 1887இல். கார்வியின் வயதுதான் அதற்கும். முதல் உலகப் போரில் நிலக்கரி சுமந்து தேய்ந்துபோன கப்பலுக்கு 1,65,000 டாலர் கொடுத்தார்கள். உண்மை மதிப்பு அதில் சிறு பங்குகூட இராது. வாங்குவதற்கு ஆலோசனை சொன்ன கேப்டனே தரகரிடம் இரகசியமாகக் கமிஷன் வாங்கியிருந்தது பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கப்பல் தெரிந்தவர் நிறுவனத்தில் மிகச் சிலர். நம்பியவர்களோ பல்லாயிரம் பேர்.

ஒரு பயணத்தில் விஸ்கி ஏற்றிப் போன கப்பல் நடுக்கடலில் பழுதாகி, சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிய வேண்டியதாயிற்று. இன்னொரு பயணத்தில் தேங்காய் ஏற்றி வந்தார்கள். நேராகக் கரைசேர்ந்து சரக்கை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் ஊர் ஊராகக் கப்பலைக் காட்டி வரவேற்பு நடத்தச் சொல்லி உத்தரவு. விழா முடிவதற்குள் தேங்காய் அழுகிவிட்டது. விழாவில் பங்குப் பத்திரம் விற்றது. சரக்கில் நட்டம் வந்தது. 1,65,000 டாலருக்கு வாங்கிய அந்தக் கப்பல், கடைசியில் 1,625 டாலருக்கு உடைக்கப் போனது. 1922இல் நிறுவனமே நின்றது.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. பிற்காலத்தில் எஃப்.பி.ஐ.யின் தலைவராகப் புகழ்பெற்ற எட்கர் ஹூவர், இளம் அதிகாரியாக இருந்த 1919ஆம் ஆண்டிலேயே கார்வியை நாடு கடத்த வழி தேடினார். சங்கத்துக்குள் உளவாளிகளை நுழைத்தார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ஒரு கப்பலின் படத்தை விளம்பரத்தில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள் என்று மோசடி வழக்கு வந்தது. கார்வி வழக்கறிஞரை விலக்கிவிட்டுத் தாமே வாதாடினார். 1923இல், தபாலில் போன ஓர் உறையைச் சான்றாக வைத்து, ஒரே ஒரு குற்றச்சாட்டில் ஐந்தாண்டுத் தண்டனை. உறைக்குள் இருந்த கடிதம் நீதிமன்றத்துக்கு வரவில்லை. வெற்று உறைதான் வந்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் விடுதலையானார்கள்.

அவர் செய்த அரசியல் பிழையும் உண்டு. 1922இல், கறுப்பினத்தவரைக் கொன்று குவித்த கு கிளக்ஸ் கிளான் அமைப்பின் தலைவரைப் போய்ச் சந்தித்தார். இரு இனங்களும் தனித்தனியே வாழட்டும் என்பதில் தமக்கும் அவர்களுக்கும் பொருத்தம் இருப்பதாக எண்ணினார். டுபாய்ஸ் முதலான கறுப்பினத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒடுக்குகிறவனோடு கைகுலுக்கி ஒதுங்கி வாழ இடம் கேட்பது விடுதலை ஆகாது. இந்தச் சந்திப்பு அவருக்குப் பல நண்பர்களை இழக்க வைத்தது.

1927இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்தார். சிறையிலிருந்து நேரே துறைமுகம். நாடு கடத்தப்பட்டு ஜமைக்கா வந்து சேர்ந்தார்.

சிறையிலிருந்து ஒரு வெற்றி

பெரும்பாலான நூல்கள் இதோடு கதையை முடித்துவிடும். நமக்கு வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

ஊர் திரும்பிய கார்வி மக்கள் அரசியல் கட்சியைத் தொடங்கினார். நாளிதழும் நடத்தினார். 1929 செப்டம்பரில் வெளியிட்ட தேர்தல் அறிக்கையைப் பாருங்கள்: தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி, எட்டு மணி நேர வேலை, நிலச் சீர்திருத்தம், ஜமைக்காவுக்கு ஒரு பல்கலைக்கழகம், ஊர்களுக்கு மின்சாரம், நூலகங்கள், ஏழைக்கு இலவச வழக்கறிஞர். வானத்தில் பறக்கும் கனவு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் வீட்டு வாசலில் நிற்கும் தேவை.

அதே அறிக்கையில், வேண்டியவர்களோடு கூட்டுச் சேர்ந்து அநீதி செய்யும் நீதிபதிகளைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று மூன்று மாதச் சிறையும் 100 பவுன் அபராதமும் விதித்தார்கள். அவர் சிறையில் இருக்கும்போதே, 1929 அக்டோபரில் கிங்ஸ்டன் – செயின்ட் ஆண்ட்ரூ மாநகராட்சிக்குத் தேர்தல் வந்தது. ஆல்மன் டவுன் வார்டில் மக்கள் அவரைக் கவுன்சிலர் ஆக்கினார்கள். சிறையில் இருப்பவர் கூட்டத்துக்கு வரவில்லை என்று காரணம் காட்டி அந்த இடத்தைக் காலியென அறிவித்தது மன்றம். மறுதேர்தலில் அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை. போட்டியின்றி மீண்டும் வந்து உட்கார்ந்தார்.

ஆனால் 1930 ஜனவரியில் தீவின் சட்டமன்றத்துக்கு நின்றபோது தோற்றார். கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அவர்களுக்கு வாக்கு இல்லை, அவ்வளவுதான். சொத்தும் வரியும் உள்ளவருக்கே வாக்குரிமை என்பது அன்றைய பிரிட்டிஷ் காலனிச் சட்டம். கரும்புக் காட்டுக் கூலி மேடையின் முன் கைதட்டலாம். பெட்டியில் சீட்டுப் போட முடியாது. ஜமைக்காவில் வயது வந்த அனைவருக்கும் வாக்கு என்பது 1944இல்தான் வந்தது. கார்வி அதைப் பார்க்கவில்லை. 1935இல் மீண்டும் லண்டன் போனவர், 1940 ஜூன் 10 அன்று அங்கேயே இறந்தார். 1964இல் அவர் உடலை ஊருக்குக் கொண்டுவந்து தேசிய வீரராக மரியாதை செய்தது விடுதலை பெற்ற ஜமைக்கா. 2025 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பைடன், தண்டனை விதித்து நூறாண்டு கடந்தபின், அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இரண்டு சீட்டுகள்

கார்வி கிங்ஸ்டனில் கட்சி கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1928 அக்டோபரில், அம்பேத்கர் சைமன் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது. படிப்பறிவில்லாதவருக்கு எதற்கு வாக்கு என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. எதற்கு என்பதற்கு 1930 ஜனவரியின் ஜமைக்கா பதில் சொல்கிறது. கொடியும் கூட்டமும் பத்திரிகையும் கப்பலும் வைத்திருந்த ஒருவரை, ஒரு துண்டுச் சீட்டு இல்லாத மக்களால் சட்டமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை.

கார்வியின் வாழ்க்கையில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று 5 டாலர் பங்குச் சீட்டு. மற்றது வாக்குச் சீட்டு. முதலாவது ஏழைகளின் கைக்கு வந்தது. ஆனால் கணக்கைப் பார்க்கும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. தலைவர் மேல் வைத்த அன்பே தணிக்கைக்குப் பதிலாக நின்றது. இரண்டாவது சீட்டோ கைக்கே வரவில்லை.

மாணவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். நம் ஆட்கள் நடத்தும் சங்கம், நம் ஆட்கள் நடத்தும் குழு என்பதற்காகக் கணக்குக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கணக்குக் கேட்பது துரோகம் அல்ல. கப்பலின் விலையை யாரேனும் ஒருவர் எழுந்து நின்று கேட்டிருந்தால், சலவைத் தொழிலாளிப் பெண்ணின் ஐந்து டாலர் கடலில் போயிருக்காது. அதுபோலவே, வார்டு உறுப்பினர் பதவிதானே என்று எதையும் இளப்பமாக நினைக்கக் கூடாது. உலகம் முழுக்கக் கிளைகள் கொண்ட சங்கத்தின் தலைவர், கடைசியில் தம் மக்களின் கூலிக்கும் நிலத்துக்கும் நூலகத்துக்கும் வாதாட ஒரு வார்டு நாற்காலியைத் தேடிப் போனார். சிறையிலிருந்தபடியே அதை வென்றார். பறித்துக்கொண்ட பிறகும் திரும்பிப் போய் அதில் உட்கார்ந்தார்.