கோப்பர்நிக்கஸ் துயிலும் காயற்கரைச் சிற்றூர்

போலந்தின் வடகோடியில், பால்டிக் கடலிலிருந்து நீண்டதொரு மணல்திட்டால் பிரிக்கப்பட்ட விஸ்துலா காயலின் கரையில், ஃபிராம்போர்க் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கணித வழியில் எடுத்துரைத்த நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ், தம் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியை இங்கே கழித்து, 1543 மே மாதம் இங்கேயே மறைந்தார். ஆனால் அவரே தம் நூலின் முகப்புரையில் தாம் வாழும் இடத்தை உலகின் ஒதுக்குப்புற மூலையாகத்தான் குறித்திருந்தார்.

ஊருக்கு மேலே மதில் சூழ்ந்த மேட்டில் நிற்கும் பேராலயம் 1329 முதல் 1388 வரை கட்டப்பட்டது. கட்டடக்கல் அரிதான அச்சமவெளியில், கூரிய வளைவுகளும் உயர்ந்த முகப்புகளும் கொண்ட கோதிக் பாணியைச் செங்கல்லிலேயே வடித்தெடுத்ததால் இதனைச் செங்கல் கோதிக் என்பர். பேராலயத்தின் நிர்வாகத்தையும் நிலங்களையும் கவனித்த குருமார் குழுவில் ஒருவராக இருந்த கோப்பர்நிக்கஸ், அந்த அலுவல்களுக்கிடையே, தொலைநோக்கி தோன்றியிராத காலத்தில், மரச்சட்டங்களால் ஆன கருவிகளைக் கொண்டே வானை அளந்தார்.

பேராலயத் தரையின் கீழ் அடையாளமின்றிப் புதைக்கப்பட்ட அவரைக் கண்டறிந்த வரலாறு வியப்புக்குரியது. 2005இல் தொல்லியலாளர்கள் ஒரு பலிபீடத்தின் அருகே ஏறத்தாழ எழுபது வயதுடைய ஆடவரின் எலும்புகளைத் தோண்டியெடுத்தனர். கோப்பர்நிக்கஸ் பயன்படுத்திய வானியல் நாட்காட்டி நூல் ஒன்று 17ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஸ்வீடன் படையினரின் கொள்ளைப்பொருளாகி உப்சாலா நகரைச் சேர்ந்திருந்தது. அதன் ஏடுகளிடையே சிக்கியிருந்த முடிகளுள் இரண்டின் மரபணு, அந்த எலும்புகளின் மரபணுவோடு பொருந்தியது. ஊருக்கு இழப்பாக முடிந்த அக்கொள்ளையே, நூற்றாண்டுகள் கடந்து, அதன் தலைசிறந்த குடிமகனை அடையாளம் காட்டியது.

ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவின் பகுதியாக இருந்த இவ்வூர், 1945இல் போரினால் பெரும்பாலும் இடிந்து, ஜெர்மானியக் குடிகளை இழந்து, போலந்து வசமாயிற்று. கோப்பர்நிக்கஸ் பிறந்த ஐந்நூறாம் ஆண்டை முன்னிட்டு 1966 முதல் 1973 வரை நாடெங்கிலுமிருந்து வந்த இளம் சாரணர்கள் இடிபாடுகளை அகற்றி மறுகட்டுமானத்தில் உழைத்தது நன்றியோடு நினைக்கத்தக்கது.

மதிலை ஒட்டிய ராட்ஜெயோவ்ஸ்கி கோபுரத்தில், பூமியின் சுழற்சியைக் கண்முன் காட்டும் ஃபூக்கோ ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது. பேராலயத்தினுள், 2010இல் கோப்பர்நிக்கஸை மீண்டும் அடக்கம் செய்த இடத்தில், ஆறு கோள்கள் சூழ்ந்த பொன்னிறச் சூரியனைத் தாங்கிய கருங்கல் நினைவுக்கல் நிற்கிறது.